தங்குவதா, இடம் மாறுவதா, வீடு திரும்புவதா? முதுமைப் பயணத்தில் குளிரும் நோயும் சேர்ந்து வரும்போது

பணி ஓய்வுக்குப் பிறகு மாதக்கணக்கில் பயணம் போகிறவர்களை இரண்டு தொல்லைகள் ஜோடியாகத் தேடி வரும். ஒன்று, எதிர்பார்த்ததற்கு இரண்டு வாரம் முன்பே இறங்கிவிடும் குளிர். மற்றொன்று, ஜலதோஷமாகத் தொடங்கி நெஞ்சுக்குள் இறங்கும் சளி, அல்லது வீட்டில் அடங்கிக் கிடந்து பயணத்தில் தலைதூக்கும் பழைய நோய். தனித்தனியாக வந்தால் சமாளித்துவிடலாம். சேர்ந்து வரும்போதுதான் அந்த விவாதம் ஆரம்பிக்கும். இங்கேயே நாலு நாள் படுத்து எழுந்துவிடலாமா? வெயில் அடிக்கிற பக்கமாக வண்டியைத் திருப்பலாமா? பேசாமல் வீட்டுக்கே போய்விடலாமா?

மூன்றுக்கும் அதனதன் நாள் உண்டு. நாள் தவறினால் மூன்றும் ஆபத்து. அதிகம் நடக்கும் தவறு இரண்டாவதில்தான். இடமாற்றம் குளிருக்கு மருந்து; நோய்க்கு மருந்தில்லை. காய்ச்சலில் இருப்பவரை எட்டு மணி நேரம் இருக்கையில் உட்காரவைத்து வெயிலைத் தேடிப் போனால், போய்ச் சேரும் ஊரில் வெயில் இருக்கும், ஆள் தெம்பாக இருக்கமாட்டார். எனவே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, வாட்டுவது குளிரா, நோயா, இரண்டுமா என்பதை.

முதலில் அளவெடுங்கள்

இந்த விவாதத்தை அனுமானத்தில் நடத்தக் கூடாது. ஒரு தெர்மாமீட்டர், பி.பி. கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், அறை வெப்பமானி ஆகிய நான்கும் ஒரு சிறு பையில் அடங்கிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு குளுக்கோமீட்டர் ஐந்தாவது. காலையிலும் மாலையிலும் எடுத்த எண்களைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். புது ஊரில் புது மருத்துவரிடம் போய் நிற்கும்போது, நீங்கள் சொல்லும் கதையைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் பேசும்.

மூச்சை எண்ணுவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஓய்வாகப் படுத்திருப்பவரின் மார்பு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று அவருக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் மூச்சின் வேகம் மாறிவிடும். 12 முதல் 20 வரை சாதாரணம். 25-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவர். 30-ஐத் தொட்டால் அவசர ஊர்தி. வயதானவர்களுக்கு நிமோனியா காய்ச்சலே இல்லாமல் வரலாம். அப்போது வேகமான மூச்சு, திடீர்க் குழப்பம், சாப்பாட்டின் மேல் வெறுப்பு, காரணமில்லாமல் தடுமாறி விழுவது, இவைதான் அறிகுறிகள். 'காய்ச்சல் இல்லை, அதனால் பயமில்லை' என்பது இளையவர்களுக்கான கணக்கு.

ஆக்சிமீட்டர் குளிரில் பொய் சொல்லும். விரல் சில்லிட்டிருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து எண் தாழ்வாகவோ தாறுமாறாகவோ காட்டும். வெந்நீரில் கையை நனைத்துத் துடைத்து, நகப்பூச்சு இருந்தால் அழித்து, கருவியை மாட்டி ஒரு நிமிடம் கழித்துப் படியுங்கள். கருமையான தோலில் இக்கருவி உண்மையைவிட ஓரிரு புள்ளி கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால் 93-ஐப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். நுரையீரல் நோய் இல்லாதவருக்கு 92-க்குக் கீழே போனால் மருத்துவமனைதான். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே தாழ்வாக இருக்கலாம். பயணத்துக்கு முன் வீட்டில் எடுத்த எண் கையில் இருந்தால்தான் அதோடு ஒப்பிட முடியும். மலைமேல் எல்லோருக்கும் எண் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள்.

உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது தாழ்வெப்ப நிலை. பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர்களில் கோடு 35-லிருந்துதான் தொடங்கும், அதனால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. டிஜிட்டல் கருவி வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பனியில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. முதியவர்களுக்குச் சூடேற்றாத அறையில் ஓரிரவு தூங்கியே வந்துவிடலாம். வயதோடு நடுக்கம் குறைகிறது, குளிர்வதை உணரும் திறனும் குறைகிறது. நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று மந்தமாகப் பேசினால் சூடாகிவிட்டார் என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகிவிட்டது. ஈர உடையைக் கழற்றி, மார்பையும் வயிற்றையும் முதலில் போர்த்தி, விழிப்பாக இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுத்து உதவியை அழையுங்கள். கை கால்களைத் தேய்ப்பதும், மது கொடுப்பதும், வெந்நீர்த் தொட்டியில் இறக்குவதும் கெடுதல் செய்யும்.

நெஞ்சு வலி, வாய் குழறல், நீலம் பாரித்த உதடு, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அவசர எண்ணை அழையுங்கள். அங்கே ஒப்பீட்டுக்கு இடமில்லை.

அங்கேயே தங்குதல்

ஜலதோஷம், ஃப்ளூ, நெஞ்சுச் சளி, வயிற்றுப்போக்கு, முதுகுப் பிடிப்பு, இவற்றுக்கு முதல் தேர்வு இதுதான். ஆனால் 'தங்குவது' என்றால் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள பயண வேனிலோ கூடாரத்திலோ சுருண்டு கிடப்பதில்லை. சுவர் உள்ள ஒரு கட்டடத்தில் அறை எடுப்பது.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது காட்சிக்கும் காலை உணவுக்கும் மதிப்பெண் கிடையாது. கேட்க வேண்டியவை வேறு. தரைத்தளமா, அல்லது லிஃப்ட் உண்டா? அறைச் சூட்டை நாமே கூட்டிக் குறைக்கலாமா, அல்லது கட்டடத்துக்கே ஒரே கட்டுப்பாடா? நள்ளிரவில் சூட்டை நிறுத்திவிடுவார்களா? கழிப்பறை அறையோடு ஒட்டியதா? மருத்துவமனை அரை மணிக்குள் எட்டுமா? வீடுகளின் உள்வெப்பம் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2018-ல் தந்த பரிந்துரை. நோயாளிக்கு அதற்கும் கொஞ்சம் மேலே, 20 அல்லது 21 வைப்பது நல்லது. பகல் வெப்பத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதிகாலை ஐந்து மணிக்கு அறை வெப்பமானி என்ன காட்டுகிறது என்பதுதான் கேள்வி.

நாள் கணக்கைச் சரியாகப் போடுங்கள். சாதாரண ஜலதோஷம் 7 முதல் 10 நாள் பிடிக்கும், இருமல் மூன்று வாரம் வரை இழுக்கும். இரண்டு இரவுக்கு அறை எடுத்துவிட்டு மூன்றாம் நாள் கிளம்பத் துடிப்பதால்தான் பல நோய்கள் திரும்பி வருகின்றன. திடீர்க் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் காத்திருக்காமல் முதல் நாளே மருத்துவரைப் பாருங்கள். ஃப்ளூவுக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டு நாள் தேறி, நான்காம் நாள் மறுபடியும் காய்ச்சல் ஏறினால் அது பெரும்பாலும் பழைய நோயின் மிச்சமாக இராது. மேலே பாக்டீரியா தொற்று ஏறியிருக்கலாம். அன்றே காட்டியாக வேண்டும்.

தங்குவதன் குறை என்ன? செலவு ஒன்று. இன்னொன்று, உடனிருப்பவரும் படுத்துவிட்டால் மருந்துக் கடைக்கு ஓட ஆளில்லை. அவர் திடமாக இருக்கும்போதே நான்கு நாளுக்கான மருந்தும் உணவும் அறையில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். முடிந்தால் இருவரும் தனித்தனிக் கட்டிலில் படுங்கள், ஜன்னலை அவ்வப்போது பத்து நிமிடம் திறந்து வையுங்கள்.

அறை கிடைக்காமல் வண்டியிலேயே தங்க நேர்ந்தால்

இது விரிவாகச் சொல்ல வேண்டியது. தவறு உயிரைப் பறிக்கும் இடம் இதுதான். வண்டியைச் சூடாக்க நான்கு வழிகள் உண்டு, அவற்றில் ஒன்று தூங்கும்போது பயன்படுத்தக் கூடாதது.

வெளி மின் இணைப்பு கிடைத்தால் 1,500 வாட் மின்சார ஹீட்டர் ஒரு சிறு வேனுக்குப் பெரும்பாலும் போதும். புகையில்லை, ஈரமில்லை, அமைதியானது. 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர், 120 வோல்ட்டில் பன்னிரண்டரை ஆம்பியர் இழுக்கும். மெல்லிய நீளமான ஒயரில் மாட்டினால் பிளக் சூடாகி உருகும். சுருள் ஒயரை முழுதாகப் பிரித்துப் போடாமல் சுருட்டியபடியே பயன்படுத்தினாலும் அதே கதி. அரை மணி ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தண்ணீர்க் குழாய் உறைந்தபின்தான் உறைக்கும்: வண்டியோடு வரும் பெரிய கேஸ் ஹீட்டரின் காற்றுக்குழாய்கள் பல மாடல்களில் தரைக்கடியில் உள்ள தொட்டிகளையும் சூடாக்குகின்றன. மின்சார ஹீட்டரை மட்டும் போட்டால் மேலே நாம் சுகமாக இருப்போம், கீழே குழாய் வெடிக்கும்.

வெளிக்காற்றை இழுத்து, புகையை வெளியே தள்ளும் மூடிய கேஸ் ஹீட்டர் பாதுகாப்பானது, ஆனால் அதன் ஊதுவிசிறி பேட்டரியைத் தின்னும். ஒரு கணக்குப் போடுவோம். விசிறி ஓடும்போது 6 ஆம்பியர். பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினால் 30 ஆம்பியர்-மணி. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதற்கான சீபேப் கருவி, ஈரப்பதமூட்டியோடு 50 வாட் என்று வைத்தால் ஏழு மணி நேரத்துக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 29 ஆம்பியர்-மணி. மொத்தம் 59. நூறு ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியது பாதி, அதாவது 50. குளிரில் அதுவும் குறையும். அதிகாலை நாலு மணிக்கு ஹீட்டரும் சீபேப்பும் சேர்ந்து நிற்பது இப்படித்தான். ஈரப்பதமூட்டியையும் சூடாக்கும் குழாயையும் அணைத்து, இன்வெர்ட்டர் வழியாகப் போகாமல் கருவிக்குரிய 12 வோல்ட் ஒயரில் இணைத்தால் செலவு பாதிக்கும் கீழே வரும். காற்றுக்குழாயைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டால் உள்ளே நீர் திரண்டு மூக்கில் சொட்டாது. லித்தியம் பேட்டரிக்காரர்களுக்கு வேறொரு பிரச்னை. பேட்டரியே பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்துவிட்டால் சார்ஜ் ஏற்றக் கூடாது, ஏற்றினால் பாழாகும்.

டீசல் ஹீட்டர் மின்சாரத்தைக் குறைவாகவே கேட்கும், ஆனால் பற்றவைக்கும் முதல் சில நிமிடங்களில் பத்து ஆம்பியர் வரை இழுப்பதால் சோர்ந்த பேட்டரியில் ஆரம்பிக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதிக உயரத்தில் காற்று மெலிவதால் கரி படிந்து அடைக்கும். கடுங்குளிரில் சாதாரண டீசல் மெழுகுபோல் கெட்டியாகும். குளிர் ஊரில் விற்கும் குளிர்கால டீசலை நிரப்ப வேண்டும். பனி பெய்த இரவில் புகைபோக்கி வாய் மூடியிருக்கிறதா என்று படுக்கும் முன் பார்ப்பது கட்டாயம்.

நான்காவது, திறந்த சுடரில் எரியும் சிறிய கேஸ் ஹீட்டர். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 லிட்டர் தண்ணீர் நீராவியாக உள்ளேயே தங்கும். கண்ணாடியெல்லாம் வழியும், மெத்தை நனையும், பூஞ்சை பிடிக்கும், ஆஸ்துமாக்காரருக்கு அதுவே புது நோய். கூடவே கார்பன் மோனாக்சைடு. ஜன்னலை விரல் அளவு திறந்து, விழித்திருக்கும் அரை மணிக்கு வேண்டுமானால் போடலாம். போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. சமையல் அடுப்பை ஹீட்டராக்குவதும், கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் பேச்சுக்கே இடமில்லாதவை. பூட்டேன் குப்பியை நம்பிப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளட்டும்: பூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும், அடுப்பு எரியாது. புரோப்பேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 வரை தாங்கும்.

எந்த ஹீட்டராக இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கையருகே வேண்டும். மேலே அச்சிட்ட காலாவதி ஆண்டைப் பாருங்கள். பொத்தானை அழுத்தினால் ஒலிப்பது ஒலிப்பானுக்குச் சான்று, உள்ளே இருக்கும் உணரிக்குச் சான்றாகாது. இந்த வாயுவின் தலைவலி, குமட்டல், சோர்வு மூன்றும் ஃப்ளூ போலவே இருக்கும். ஆனால் காய்ச்சல் இருக்காது, இருவருக்கும் ஒரே நேரத்தில் வரும், வெளியே போனால் தெளியும். அப்படித் தோன்றினால் விவாதிக்காமல் வெளியே இறங்கி உதவியை அழையுங்கள்.

காற்றைச் சூடாக்குவதைவிட உடம்பைச் சூடாக்குவது மலிவு. 12 வோல்ட் மின்போர்வை 40 முதல் 60 வாட்டில் வேலையை முடித்துவிடும். வெந்நீர்ப் பை என்றால் கொதிநீர் ஊற்றாமல், மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி, உறை போட்டுப் படுக்கையைச் சூடாக்கியபின் எடுத்துவிடுங்கள். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள் அதைக் காலடியில் வைத்துத் தூங்கவே கூடாது; சூடு தெரியாமல் வெந்து, காலையில் கொப்புளத்தைத்தான் பார்ப்பார்கள்.

இரவில் கழிப்பறைக்கு எழுவது தனி ஆபத்து. குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, சிறுநீரகம் கூடுதலாக நீரைப் பிரிக்கும். நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தினால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் தலைசுற்றலும் வரும். தண்ணீரைக் காலையிலிருந்து மாலைக்குள் குடித்து முடியுங்கள், படுக்கையருகே சிறுநீர்ப் பாத்திரமும் தொட்டால் எரியும் விளக்கும் வையுங்கள், எழுந்ததும் நிற்காமல் ஒரு நிமிடம் உட்காருங்கள், வழுக்காத காலுறை போடுங்கள்.

மருந்துப் பையும் குளிரும்

எந்த முடிவை எடுத்தாலும் இந்தப் பை கூடவே வரும். இன்சுலின் உறைந்தால் முடிந்தது; உருகியபின் பார்க்க நன்றாக இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். திறக்காததை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கலாம், ஆனால் வண்டிக் குளிர்பெட்டியின் உறைதட்டை ஒட்டி வைக்கக் கூடாது. பயன்பாட்டில் இருப்பதை உள்சட்டைக்கு மேல், கோட்டுக்கு உள்ளே வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான குளுக்கோமீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே பிழைச் செய்தி காட்டும். கருவியையும் பட்டையையும் பத்து நிமிடம் உடம்போடு வைத்துச் சூடாக்கியபின் அளக்கலாம். இன்ஹேலர் குப்பி சில்லிட்டிருந்தால் மருந்து குறைவாகத்தான் வரும், அதையும் கைக்குள் வைத்துச் சூடாக்குங்கள். கண் அழுத்தத்துக்கான சொட்டு மருந்தையும் இரவில் காரில் விட்டுவிடாதீர்கள்.

சளிக்கு என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்குவதில்தான் முதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மூக்கடைப்பு நீக்கும் சூடோஎபெட்ரின், பினைலெப்ரின் மாத்திரைகள் பி.பி.யை ஏற்றும், குளிர் ஏற்கெனவே ரத்தக் குழாய்களைச் சுருக்கி ஏற்றி வைத்திருக்கும். தூக்கம் தரும் பழைய ரக ஒவ்வாமை மருந்துகளான குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் குழப்பத்தை உண்டாக்கும், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடும். பி.பி. மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் உடல்வலிக்கு இபுப்ரோஃபென் சேர்த்தால் அடி சிறுநீரகத்துக்கு விழும். பாராசிட்டமால் இவற்றைவிடப் பாதுகாப்பு, ஆனால் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் அது ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டி ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது; எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் வரம்பு இன்னும் கீழே. வணிகப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் மருந்துச் சீட்டில் மூலப்பெயர் எழுதியிருக்க வேண்டும்.

வெதுவெதுப்பான இடத்துக்கு மாறுதல்

குளிரே காரணமாக நோய் கிளம்பும் ஆட்களுக்கு இது உண்மையிலேயே சிகிச்சை. குளிர்காற்றை இழுத்ததும் சுருங்கும் ஆஸ்துமா நுரையீரல், குளிரில் நடந்தால் வரும் நெஞ்சு இறுக்கம், வெளுத்து மரக்கும் விரல்கள், விறைத்துப்போகும் மூட்டு, இவர்கள் எல்லாம் அறைக்குள் முடங்குவதைவிட இடம் மாறுவது மேல். காய்ச்சல்காரர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் கிளம்ப மூன்று நிபந்தனைகள்: காய்ச்சல் மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருப்பது, வழக்கமான சாப்பாட்டில் பாதியாவது இறங்குவது, கைப்பிடி இல்லாமல் கழிப்பறைக்குப் போய்வர முடிவது.

தூரமாகப் போவதற்கு முன் கீழே இறங்க முடியுமா என்று பாருங்கள். ஆயிரம் மீட்டர் இறங்கினால் சராசரியாக ஆறரை டிகிரி கூடும். 1,500 மீட்டர் மலையிறக்கம் இரண்டு மணி நேரத்தில் பத்து டிகிரியைத் தரும்; நுரையீரல் நோயாளிக்கு ஆக்சிஜனும் கூடும். சமவெளியில் அதே பத்து டிகிரிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டிவரலாம். ஆனால் பள்ளத்தாக்கின் அடியில் போய் நிறுத்தாதீர்கள். காற்றசைவில்லாத தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்து வழிந்து அங்கேதான் தேங்கும். சரிவில் சற்று மேலே இருப்பவர் உங்களைவிடச் சூடாகத் தூங்குவார். கடலோரம் எண்ணில் மிதமாகத் தெரியும், காற்று கெடுத்துவிடும். பூஜ்யம் டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே ஆறு போலத்தான்.

ஒரு நாளைக்கு மூன்று, நான்கு மணி நேர ஓட்டம் போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடப்பது கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவதைத் தடுக்க. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். ஓட்டுகிறவரே நோயாளி என்றால் இந்த வழி மூடிவிட்டது என்றே கொள்ளுங்கள்.

வெயிலுக்குப் போனபின் எதிர்பாராத ஒன்று நடக்கும்: பி.பி. இறங்கும். குளிர் ஊரில் ஏறிய பி.பி.க்காக மாத்திரையைக் கூட்டியிருந்தால், வெப்பத்தில் குழாய்கள் விரிந்து, வியர்த்து, எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். முதல் வாரம் தினமும் காலையில் உட்கார்ந்தும் நின்றும் அளந்து, இறக்கம் தெரிந்தால் மாத்திரையை நீங்களே நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

வீடு திரும்புதல்

இதைத் தோல்வியாக நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். தள்ளிப்போடுவதன் விலை, தன் காலில் நடந்து ஏறியிருக்கக் கூடியவர் துணையாளோடு சக்கர நாற்காலியிலோ ஸ்ட்ரெச்சரிலோ போக நேர்வது. புதிதாக ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டால், ஒரே நோய்க்கு இரண்டாம் முறை மருத்துவமனை போக நேர்ந்தால், நிமோனியாவில் படுத்து எழுந்தால், உடனிருப்பவரும் தளர்ந்துவிட்டால், எங்கள் தேர்வு வீடுதான். நிமோனியாவுக்குப் பின் அசதி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். அதை வாடகை அறையில் கழிப்பதில் பொருளில்லை.

விமானம் என்றால் உள்ளே காற்றழுத்தம் 2,400 மீட்டர் மலைமேல் இருப்பது வரை குறையலாம். தரையில் ஆக்சிஜன் 92-க்குக் கீழே உள்ளவருக்குப் பறக்கும்போது கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படும். அதற்கு விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை மருத்துவர் நிரப்ப வேண்டும், அனுமதிக்குச் சில நாள் ஆகும். சொந்த ஆக்சிஜன் உருளையைப் பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கையடக்கக் கருவி என்றால் பறக்கும் நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஓடும் பேட்டரி கேட்பார்கள். உதிரி லித்தியம் பேட்டரிகளும் இன்சுலினும் கைப்பையில்தான். மூக்கும் காதும் முழுதாக அடைத்திருக்கும்போது பறந்தால் இறங்கும்போது செவிப்பறை வலி தாங்காது, கிழியவும் கூடும். ஓரிரு நாள் தள்ளுங்கள்.

காப்பீட்டில் ஏமாற்றம் தரும் இடங்கள் மூன்று. மருத்துவமனையில் சேரும் முன்பே, அல்லது சேர்ந்தவுடன், உதவி எண்ணை அழைக்காவிட்டால் பல நிறுவனங்கள் பணம் தர மறுக்கும். அவசர இடமாற்றம் என்பது அருகிலுள்ள தகுந்த மருத்துவமனை வரைதான். சொந்த ஊருக்குக் கொண்டுபோவது தனிப் பிரிவு, அது பாலிசியில் இருக்கிறதா பாருங்கள். பயணத்தைப் பாதியில் முடித்த செலவைக் கேட்க, 'திரும்புவது நல்லது' என்று மருத்துவர் எழுதிய கடிதம் வேண்டும், அதுவும் கிளம்பும் முன் தேதியிட்டது. பழைய நோயின் மாத்திரை அளவு பயணத்துக்குச் சற்று முன் மாறியிருந்தால் அதை 'நிலையற்ற நோய்' என்று ஒதுக்கும் பாலிசிகளும் உண்டு.

வண்டியை விட்டுவிட்டுப் பறக்கிறீர்களா? தண்ணீர்த் தொட்டி, வெந்நீர்ப் பெட்டி, குழாய், பம்ப் எல்லாவற்றையும் வடித்து, குழாய்களைத் திறந்தே வைத்து, கேஸை மூடி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். ஒரு மணி நேர வேலை. செய்யாவிட்டால் வசந்தத்தில் வண்டிக்கும் ஒரு மருத்துவர் தேவைப்படுவார்.

வீட்டு வழியைத் தேர்ந்தவர்கள் மறப்பது வீட்டையே. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டின் சுவர் குளிர்ந்திருக்கும்; ஹீட்டரைப் போட்டதும் காற்று சூடாகும், சுவரும் கட்டிலும் சூடாக ஒரு நாள் பிடிக்கும். சாவி வைத்திருப்பவரிடம் சொல்லி 24 மணி நேரம் முன்பே சூட்டை ஏற்றி, குழாயில் கசிவு இருக்கிறதா பார்த்து, படுக்கையை விரித்து வைக்கச் சொல்லுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் முதல் இரவை வீட்டருகே ஓர் அறையில் கழித்துவிட்டு, மறுநாள் பகலில் உடல்நலம் உள்ளவர் மட்டும் போய்க் கதவைத் திறக்கலாம்.